தடியனும் இரண்டு பெடல்களும்

பாளையங்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழு. கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசிப்பார்கள். அந்தக் குழுவில், பாட்டுக்கு அடியில் கனத்த குரல் கொடுக்கிற ஒரு பேஸ் கிடார் இருந்தான். நாலே கம்பி, நாலும் தடித்த கம்பி. அதனால் மற்ற வாத்தியங்கள் அவனைத் தடியன் என்றே கூப்பிட்டன. வாத்தியங்கள் பேசிக்கொள்வது மனுஷர் காதில் விழாது. விழுந்திருந்தால் பாதிக் குழுக்கள் என்றைக்கோ உடைந்திருக்கும்.

தடியனுக்குக் கொஞ்ச நாளாகவே ஒரு பயம். காரணம் கீபோர்டு. வயலினா, இந்தா. புல்லாங்குழலா, இதோ. கேட்டதையும் கொடுப்பான், கேட்காததையும் கொடுப்பான். ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னான்: "தடியன் வேலைய என் இடது கையே பாத்துக்கிடும். அவனுக்கு எதுக்கு வேன்ல தனியா ஒரு இடம்?"

குழுவின் தலைவரும் பாடகருமான பொன்னையாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். தடியனை வாசிக்கும் ஞானசீலனைக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"ஓய், நீரு வாசிக்கிறது எனக்கே கேக்கல. புதுப் பாட்டுல எல்லாம் பேஸு எப்படி உறுமுது! சனிக்கிழமை ரிசப்ஷன் வரைக்கும் பாப்பேன். பெறகு கீபோர்டு போதும்."

பாவம், ஞானசீலன் என்ன செய்வார்? தடியனைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜங்ஷனில் இருக்கும் சிக்கந்தர் பாய் கடைக்கு ஓடினார். பாய் இரண்டு பெடல்களை எடுத்து மேசைமேல் வைத்தார். பெடல் என்றால் காலால் மிதிக்கிற சின்ன இரும்புப் பெட்டி. கிடாரின் குரல் அதற்குள் போய், கரகரத்து, உறுமலாக வெளியே வரும். இரண்டுமே டூயல் ஓவர்டிரைவ். ஒரு பொத்தானை மிதித்தால் சின்ன உறுமல், இன்னொன்றை மிதித்தால் பெரிய உறுமல், இரண்டையும் சேர்த்து மிதித்தால், அம்மாடி!

சிவப்புப் பெடல் முந்திக்கொண்டது. "உன் பழைய குரல என்கிட்ட விட்டுரு. புதுசா ஒண்ணு தாரேன். உன்னைத் திரும்பிப் பாக்காத ஆளே இருக்க மாட்டான்."

சாம்பல் நிறப் பெடல் நிதானமாகப் பேசியது. "நானும் உறுமுவேன். ஆனா என்கிட்ட இன்னொரு திருகு உண்டு. அதைத் திருப்பினா, உறுமலோட சேந்து உன் சொந்தக் குரலும் அடியில போகும்."

"சொந்தக் குரலா?" தடியனுக்குச் சுர்ரென்று வந்தது. "அது கேக்கலைன்னுதானே என்னைய வீட்டுக்கு அனுப்பப் பாக்காங்க!"

ஞானசீலன் சிவப்பை மிதித்து வாசித்தார். கண்ணாடி அலமாரி நடுங்கியது. எதிர்க் கடையில் டீ குடித்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாம்பலை மிதித்து வாசித்தார். கனமாக, ஒழுங்காக இருந்தது. ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. தனியாக உட்கார்ந்து வாசித்துப் பார்த்தே முடிவு கட்டுவது கிடார்க்காரர்களுக்கு உள்ள வியாதி.

"சிவப்புதான் பாய்" என்றார் ஞானசீலன்.

"ரெண்டையும் கொண்டு போங்க சீலன். வேண்டாததத் திங்கக்கிழமை குடுத்துருங்க."

சனிக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன். மேடைக்கு முன்னால் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஆடத் தயாராக நின்றார்கள். முதல் குத்துப்பாட்டு தொடங்கியது. ஞானசீலன் சிவப்பின் இரண்டு பொத்தானையும் சேர்த்து மிதித்தார்.

மண்டபமே திரும்பியது! பந்திக்குப் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். தடியனுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவனை யார் பார்த்திருக்கிறார்கள்?

பக்கத்தில் இருந்த கிக் டிரம், காலால் மிதித்து அடிக்கிற அந்தப் பெரிய முரசு, கத்தினான். "ஏலே தடியா, எங்கல இருக்க?"

"இங்கதாம்ல இருக்கேன்! ஊரே என்னைப் பாக்கு, உனக்குக் கண்ணு தெரியலயா?"

"சத்தம் கேக்கு, நீ கேக்கல. நான் அடிக்கேன், கூட விழ ஆளில்ல. தகர டப்பாவைத் தட்டுன மாதிரி இருக்குல."

அப்போதுதான் தடியன் கீழே பார்த்தான். ஆடியவர்களின் கால்கள் ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஒருவன் நின்றான். இன்னொருவன் அவன் தோளில் கைபோட்டுப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனான். மணப்பெண்ணின் அத்தை ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். பொன்னையா திரும்பி, 'நிறுத்தும்' என்று கையைக் காட்டினார். கீபோர்டின் இடது கை உடனே வேலையை எடுத்துக்கொண்டது.

"இவங்களுக்கு ரசனையே இல்ல" என்றது சிவப்பு.

"ஆமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றான் கிக் டிரம்.

தடியனை வெட்கம் பிடுங்கித் தின்றது. இனிமேல் பரண்தான், தூசிதான் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது.

பாட்டு முடிந்ததும் ஞானசீலன் பொன்னையாவிடம் போய் நின்றார். "அண்ணாச்சி, ஒரே ஒரு பாட்டு குடுங்க. அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

பொன்னையா உதட்டைப் பிதுக்கினார். "சரி, ஒண்ணுதான்."

ஞானசீலன் சிவப்பைக் கழற்றிவிட்டுச் சாம்பலை மாட்டினார். சாம்பல் கேட்டது: "எவ்வளவு உறுமல், எவ்வளவு நீ?"

தடியனுக்குப் பயமாக இருந்தது. பழையபடி கேட்காமலே போய்விட்டால்? அப்புறம் கிக் டிரம்மைப் பார்த்தான். அவன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"பாதிக்கு மேல நானே இருக்கேன்" என்றான் தடியன். அவன் மனசு ஞானசீலனின் விரலுக்கு எப்படியோ எட்டியிருக்க வேண்டும். திருகு பாதியைத் தாண்டி நின்றது. சின்ன உறுமல் மட்டும் போதும் என்று ஒரே பொத்தானை மிதித்தார்.

பாட்டு எழுந்தது. ஒரு தலையும் திரும்பவில்லை.

"வந்துட்டியால!" என்று கிக் டிரம் மட்டும் கூவினான்.

பந்தியிலிருந்து இரண்டு பேர் ஈரக் கையை உதறிக்கொண்டே ஓடிவந்தார்கள். பின்னாலேயே நாலு பேர். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்தார். காதைப் பொத்திய அத்தை மணப்பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பொன்னையா பல்லவியை முடிக்க மனசில்லாமல் திரும்பத் திரும்பப் பாடினார். கீபோர்டு இடது கையைத் தூக்கிப் பார்த்தான். அதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

எல்லாம் முடிந்து சாமான்களைக் கட்டும்போது பொன்னையா ஞானசீலன் பக்கம் வந்தார்.

"வியாழக்கிழமை தென்காசில கச்சேரிவே. வேன் மூணு மணிக்கு வந்துரும், காக்க வச்சிராதீரும்."

அவ்வளவுதான் சொன்னார். ஞானசீலன் வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை கடைக்குத் திரும்பப்போகிற சிவப்பு, பைக்குள் தடியன் பக்கத்தில் கிடந்து பொருமியது. "சரி, அந்தப் பாட்டுல ஒருத்தனாவது உன்னைத் திரும்பிப் பாத்தானா?"

"இல்ல" என்றான் தடியன். "ஆடுறவனுக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்?"