நானூறு பேரைக் கேட்டவர்

ஆலடிப்புதூர் பழைய ஜெயிலுக்கு நூற்றைம்பது வயசு. கைதிகளை வேறு ஊருக்கு மாற்றி இருபது வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் அங்கே குடியிருந்தது வௌவாலும் எருக்கஞ்செடியும்தான்.

இடித்துவிட்டு வண்டி நிறுத்தும் இடமாக்கலாம் என்று நகராட்சியில் பேச்சு வந்தது. ரிட்டையரான சர்வேயர் ஆவுடையப்பன் போய் மனு கொடுத்தார். இடிக்க வேண்டாம், ஊர் ஜனங்கள் வந்து உட்கார, படிக்க, பேசிக்கொண்டிருக்க ஒரு பொது இடமாக்கித் தருகிறேன் என்றார்.

ஆணையர் நாலு மாதம் தள்ளி ஒரே ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை இடத்தைத் திறந்து வையுங்கள், அஞ்சு மணிக்கு வந்து பார்ப்பேன், ஜனங்கள் உள்ளே இருந்தால் கட்டிடம் இருக்கும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை மிஷின் வரும் என்று சொல்லிவிட்டார்.

ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தொன்பது வயசு. பொது இடம் அமைக்கிற இந்த வேலையை அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஜைனம்பு டீச்சருக்கு முப்பத்திநாலு. படித்தவர்கள் இதை டிசைன் திங்கிங் என்பார்கள். ஜைனம்பு டீச்சர் அவ்வளவு தூரம் போகமாட்டார். யாருக்காகச் செய்கிறோமோ அவர்களோடு போய் நில், அப்புறம் வரை, வரைந்ததைச் செலவில்லாமல் ஒரு நாள் செய்து பார் என்பார். அவ்வளவுதான் அவர் பாடம்.

ஆவுடையப்பன் பாடத்தை விடாமல் செய்தார். மூன்று மாதம் வீடு வீடாக, கடை கடையாகப் போய் நானூறு பேரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். பூங்கா என்றார்கள். நூலகம் என்றார்கள். குளிர்ந்த தண்ணீர், ஊஞ்சல், பேப்பர் படிக்க ஒரு மூலை. எல்லாவற்றையும் எழுதி, எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கி வரைபடம் போட்டார். வாசல் கதவு மட்டும் அப்படியே இருக்கவேண்டும் என்று சிவப்பு மையில் எழுதினார். ஒன்பதடி உயரம், தேக்குப் பலகையில் இரும்புத் தகடு அடித்த கதவு. அழைப்பிதழிலும் அந்தக் கதவின் படத்தைத்தான் போட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே அறுபது நாற்காலி, மோர்ப்பானை, புத்தகம், வேப்பமரத்தில் ஊஞ்சல்.

ஒரு ஆள்கூட உள்ளே வரவில்லை.

வராமல் போகவுமில்லை, அதுதான் கொடுமை. வாசலுக்கு எதிரே ரோட்டின் அந்தப் பக்கம் எண்பது பேருக்குமேல் நின்றார்கள். எட்டிப் பார்த்தார்கள். மோர் இருக்கிறது வாங்க என்று ஆவுடையப்பன் கூப்பிட்டால், இப்பத்தான் காப்பி குடிச்சோம் என்றார்கள். டீக்கடை மாசானம் சும்மா இருப்பானா? சர்வேயரய்யா பந்தி விரிச்சிட்டாரு, பொண்ணு மாப்பிள்ளையத்தான் காணோம் என்றான். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அங்கேயே நின்றார்கள்.

மூன்று மணிக்கு ஜைனம்பு டீச்சர் வந்தார். ஆவுடையப்பன் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"அம்மா, கேட்டதெல்லாம் செஞ்சேன். ஒருத்தர் விடாம கேட்டேன். ஏன் வரமாட்டேங்குறாங்க?"

டீச்சர் உள்ளே கை காட்டினார். கடைசி அறையில் இருக்கிற நாற்காலியை எடுத்து வாருங்கள் என்றார்.

ஆவுடையப்பன் எழுந்து உள்ளே போனார். ஜன்னலில்லாத வாசல் நடையில் பத்தடி போயிருக்கமாட்டார். பின்னால் பெரிய சத்தம் கேட்டது. திரும்பினால் வாசல் இல்லை, இருட்டுத்தான் இருந்தது.

காற்றடித்துச் சாத்திக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தார். அப்புறம்தான் வெளியே இரும்புத் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. கையால் தடவினார். தகடு. ஆணிக் குமிழ். மறுபடி தகடு. மேலே தேடினார், கீழே தேடினார். பிடிக்க ஒரு வளையம்கூட இல்லை. ஒரு கொண்டி இல்லை.

இந்தக் கதவை அவர் எத்தனை தடவை அளந்திருப்பார். திறந்தே கிடந்த கதவு, உள்முகம் சுவரோடு சாய்ந்து கிடந்தது. வெளிமுகத்தை மட்டும் அளந்து, வெளிமுகத்தை மட்டும் வரைந்திருக்கிறார்.

டீச்சர் என்று கூப்பிட்டார். பிறகு தட்டினார். பிறகு ரெண்டு கையாலும் தட்டினார். கதவத் திறங்க, கதவத் திறங்க என்று சொல்வது தன் குரல்தானா என்று அவருக்கே தெரியவில்லை. தட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே டீச்சர் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் சிரிப்பு நின்றது. மாசானம் கையில் டீக்கிளாசோடு அப்படியே நின்றான். உள்ளிருந்து தட்டுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

பூக்காரி முப்பிடாதிதான் முதலில் ரோட்டைத் தாண்டினாள். ஜெயில் நடந்த காலத்தில், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று அவள் தம்பியை இந்த வாசலுக்குள் கூட்டிப்போய்ப் பதினேழு நாள் வைத்திருந்தார்கள். அது ஊருக்கே தெரியும். பூக்கூடையை ரோட்டிலேயே போட்டுவிட்டு வந்தாள்.

"ஏ டீச்சரம்மா, ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? மனுசன் தட்டுதது காதுல விழலையா?"

டீச்சர் எழுந்து வழிவிட்டார். முப்பிடாதி தாழ்ப்பாளை இழுத்துத் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அவளுக்குப் பின்னால் நாலு பேர் வந்து தள்ளினார்கள்.

ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. முப்பிடாதி முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். மோர்ப்பானைக்கு ஒருத்தர் ஓடினார். ஜெயிலுக்குள் ஓடுகிறோம் என்பதை ஓடியவரும் கவனிக்கவில்லை, மற்றவர்களும் கவனிக்கவில்லை.

ஒரு டம்ளர் மோர் இறங்கியபிறகுதான் ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. பிரஷர் மாத்திரை போடுகிற ஆளை இப்படியா செய்வது, ஒரு மணி நேரம் உள்ளே போட்டுப் பூட்டுவதா என்று கேட்டார்.

"பதினோரு நிமிஷம் ஐயா," என்றார் டீச்சர்.

ஆவுடையப்பன் சுவரைப் பிடித்து எழுந்து, பாதி திறந்து நின்ற கதவின் உள்முகத்துக்கு முன்னால் போய் நின்றார். நிலைக்குப் பக்கத்துச் சுவரில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, சுண்ணாம்பு தேய்ந்து செங்கல் தெரிந்தது. கதவு திறக்குமா என்று கைதிகள் முதுகு சாய்த்துச் சாய்த்துத் தேய்ந்த இடம். அதை 'பழுது, பூச வேண்டும்' என்று வரைபடத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

மணி மூன்றே முக்கால். ஆவுடையப்பன் மாசானத்திடம் கடப்பாரை இருக்கிறதா என்று கேட்டார்.

கதவைக் கழற்ற வேண்டிய கீல் ஆணி துருவேறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டார்கள், நெம்பினார்கள். கதவு அசைந்து கொடுத்ததும் நாலு பேரால் தாங்க முடியவில்லை. ரோட்டில் நின்றவர்கள் ஓடிவந்து கைகொடுத்தார்கள். இந்தப் பக்கம் பிடி, கால் பத்திரம், ஏய் நீ சும்மா சத்தம் மட்டும் போடாத என்று ஒரே கூச்சல். இருபது பேர் தூக்கிப்போய் உள்முற்றத்தில் சுவரோடு, உள்முகம் தெரியும்படி சாய்த்து வைத்தார்கள். வைத்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். நாற்காலிகளில்தான்.

அஞ்சு மணிக்கு ஆணையர் வந்தபோது நிற்கத்தான் இடம் இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றிவந்து, திங்கட்கிழமை மிஷின் வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவுடையப்பன் சந்தோஷப்படவில்லை. ஊரார் சொன்னதை எழுதிவைத்த காகிதக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு டீச்சரைக் கூப்பிட்டார்.

"நானூறு பேரம்மா. அதுல ஒருத்தர்கூட, இந்தக் கதவு வேண்டாம்னு ஏன் எங்கிட்டச் சொல்லல?"

ஜைனம்பு டீச்சர் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"என்ன வேணும்னுதானே கேட்டீங்க? நீங்க உள்ள இருந்து தட்டினப்ப, ஐயா, ஊஞ்சலா கேட்டீங்க?"

ஆவுடையப்பன் வரைபடத்தை விரித்து, 'பழுது, பூச வேண்டும்' என்று எழுதியிருந்ததைச் சிவப்பு மையில் அடித்தார்.