அழகனுக்கு முன்னால் அறிவன்

மென்பொருள் கம்பெனி முதலாளி ஜம்புலிங்கம் தும்மினால் நாலு கணினி அணைந்துபோகும். அவர் எழுதிய நிரல், ஊழியர் பெயர்களைத் தமிழ் அகரவரிசையில் அடுக்க வேண்டும். அதுவோ ‘ற’வுக்கு முன்னால் ‘ழ’ வரும் என்பதை மறந்து, அழகனுக்கு முன்னால் அறிவனை நிறுத்தியது.

“தப்பு கணினியில இருக்கிற ‘சி’ மொழி நிரல் நூலகத்துலதான்! என் நிரல்ல ஒரு எழுத்தைக்கூடத் தொடாம சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணு. இல்லேன்னா வேலை போச்சு!” என்று புதிதாகச் சேர்ந்த பொற்கொடியிடம் உறுமினார்.

பொற்கொடி நோண்டிப் பார்த்தாள். தமிழ் வரிசை விதிகள் அடங்கிய ‘தமிழ் முறை’ வேண்டுமென்று நிரல் நூலகத்தைக் கேட்டிருந்தது. கணினியில் யாரும் அதை நிறுவவே இல்லை. நூலகமும் “இல்லை” என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறது. முதலாளியின் நிரல்தான் காதில் வாங்காமல் ஓடியிருக்கிறது!

சிரித்துக்கொண்டே தமிழ் முறையை நிறுவினாள். அழகன் முன்னால் வந்தான். ஆனால் பட்டியலின் நடுவில் நின்ற ஜம்புலிங்கம், வாட்ச்மேன் வேலப்பனுக்கும் கீழே போய் விழுந்தார்.

“என்னை யாரு தள்ளினது?”

“உங்க நிரலைத் தொடவே இல்ல சார். ‘ஜ’ கிரந்த எழுத்து, தமிழ் வரிசையில எல்லாருக்கும் பின்னாலதான்.”

“முன்னால வர வழியே இல்லையா?”

“‘ச’வுக்கு மாறிடுங்க சார்.”

மறுநாள் முதலாளி அறைக் கதவில் புதுப் பலகை பளபளத்தது: ‘சம்புலிங்கம்’. ஆணி அடித்தவள் பொற்கொடிதான்.