திருமஞ்சனக் குடத்தின் எடை

ஆற்றிலிருந்து மடத்துக்கு அரை மைல் மணல்பாதை. விடியற்காலையில் திருமஞ்சனக் குடம் அந்த வழியாகத்தான் வரும். மூங்கில் கழியில் குடத்தைத் தொங்கவிட்டு, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தோள் கொடுப்பார்கள். முன்னால் இருப்பவர் மடத்தைப் பார்த்து நின்றுகொண்ட பிறகு, பின்னால் இருப்பவர் கயிறு கட்டுவார். முன்னால் போகிறவர் வழியில் திரும்பிப் பார்க்கக் கூடாது. மடத்து வாசலில் குடத்தை இறக்கியதும் அப்படியே உள்ளே போய் மணி அடிக்க வேண்டும். நடுவே திரும்பிவிட்டால் அந்தத் தண்ணீர் சுவாமிக்கு ஆகாது. கொட்டிவிட்டு மறுபடி ஆற்றுக்குப் போக வேண்டியதுதான்.

முன்னால் போகிறவன் பூபாலன். நாற்பத்தைந்து வயது. மடத்துக்கு வருமுன் டியூஷன் சென்டர் வைத்து இயற்கணிதம் நடத்தியவன். எதிர் விகிதக் கணக்கு என்றால் உயிர். ஆள் கூடினால் நாள் குறையும், வேகம் கூடினால் நேரம் குறையும். இரண்டையும் பெருக்கினால் வருவது மட்டும் மாறாது. காவி கட்டியும் அந்தப் புத்தி போகவில்லை.

பின்னால் வருபவர் அவனுடைய குரு. எழுபதைத் தாண்டியவர். மடத்தில் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான்.

மழைக்காலத்தில் பூபாலனுக்கு மஞ்சள் காமாலை வந்து பாதி ஆளாகிப் போனான். எழுந்து நிற்க முடிந்த அன்றைக்கே கழியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"படுத்திருப்பா. சின்னக் குடத்துல நானே கொண்டாந்துக்கறேன்," என்றார் குரு.

"என் முறை தவறக் கூடாது சாமி."

"சொன்னா கேக்க மாட்டே. சரி, வா."

அன்றைக்குக் குடம் லேசாக இருந்தது. பூபாலனுக்கே ஆச்சரியம். நாள் போகப் போக இன்னும் லேசாகியது. கிணற்றில் ஒரு வாளி இறைத்தால் கை நடுங்குகிறது, குடம் மட்டும் தோளில் இருப்பதே தெரியவில்லை. அவன் சும்மா இருக்கிற ஆளில்லை. சமையல்கட்டுத் தராசில் அரிசியை நிறுத்து, மூட்டை கட்டித் தோளில் ஏற்றிப் பார்த்தான். பிறகு குருவிடம் போனான்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கணக்கா, கடவுளா?"

"ரெண்டும்."

"கேளு."

"குடமும் தண்ணியும் சேர்ந்து முப்பத்தாறு கிலோ. ஆளுக்குப் பதினெட்டு. பதினெட்டு கிலோ அரிசியைத் தூக்கினா நூறு எட்டுல மூச்சு வாங்குது. குடத்தோட அரை மைல் நடக்கறேன், ஒண்ணுமே தெரியலை."

"அதனால?"

"அருள்னு நினைக்கறேன் சாமி. இத்தனை வருஷத் தவம் இப்பத்தான் பலிக்குது."

குரு தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னொண்ணு. கோவிச்சுக்காதீங்க. இப்பல்லாம் நீங்க ரொம்ப மெதுவா நடக்கறீங்க. பூஜை தள்ளிப் போகுது. நீங்களும் தவத்தைக் கொஞ்சம் கூட்டினா..."

மீதியைச் சொல்லாமல் விட்டான். அந்த அளவுக்காவது மரியாதை இருந்தது.

குரு காது மடலைச் சொறிந்துகொண்டார். "பசங்களுக்குக் கணக்கு நடத்தும்போது முதல்ல என்ன சொல்லுவே?"

"கணக்குல கொடுத்திருக்கறதை மட்டும் எழுது, கொடுக்காததை நீயா சேர்க்காதேன்னு சொல்லுவேன்."

"உன் கணக்கையும் அப்படி ஒரு தரம் எழுதிப் பாரு."

பூபாலன் மணலில் எழுதிப் பார்த்தான். முப்பத்தாறு கிலோ. ஆறடிக் கழி. இரண்டு தோள். எங்கே தப்பு? தன் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கிறாரே என்று கோபம்தான் வந்தது.

மறுநாள் குடத்தோடு பாதி வழி வந்தபோது பின்னால் குரு மூச்சு இரைப்பது கேட்டது. தினமும் கேட்பதுதான். வயசாகிவிட்டது என்று நினைத்திருந்தான்.

சட்டென்று புரிந்தது. ஆளுக்குப் பாதி என்றால் குடம் கழியின் நடுவில் தொங்க வேண்டும். நடுவில் தொங்குகிறது என்று யாரும் சொல்லவில்லையே. அவனாகச் சேர்த்துக்கொண்டது அது.

கால் நடந்துகொண்டிருக்க, மனசு கணக்குப் போட்டது. குடம் தன் தோளிலிருந்து நாலடி தள்ளித் தொங்கினால் தனக்குப் பன்னிரண்டு கிலோ. மறு தோளிலிருந்து இரண்டடி. அதற்கு இருபத்து நாலு. தூரம் கூடினால் பாரம் குறையும். இந்தப் பக்கம் பெருக்கினாலும் நாற்பத்தெட்டு, அந்தப் பக்கம் பெருக்கினாலும் நாற்பத்தெட்டு. விடை சரியாக வந்ததற்காக வாழ்க்கையில் முதல்முறையாகப் பயந்தான்.

நின்றான். திரும்பினான்.

இரண்டடிகூட இல்லை. கயிறு குருவின் தோளிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. கழிக்கு அடியில் துண்டை மடித்து வைத்திருந்தார். துண்டுக்கு வெளியே தெரிந்த இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"திரும்பிட்டியே," என்றார் குரு. "தண்ணியைக் கொட்டு."

புன்னை மரத்தடியில் கொட்டினார்கள்.

"எத்தனை நாளா சாமி?"

"நீ படுக்கையை விட்டு எந்திரிச்ச நாள்லேர்ந்து."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நடுவுல கட்டுன்னு நிப்பே."

பூபாலனுக்கு நேற்று தான் பேசிய பேச்சை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. வெறும் குடத்தைத் தானே தூக்கிக்கொண்டு ஆற்றுக்குத் திரும்பினான்.

குடம் நிறைந்ததும் அவன் கழியின் பின்பக்கம் போய் நின்றான்.

"அது என் இடம்," என்றார் குரு.

"உடம்பு தேறிடுச்சு சாமி. நீங்க முன்னால போங்க."

குரு கிட்டே வந்து, அவனுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். மஞ்சள் இல்லை. முன்னால் போய், மடத்தைப் பார்த்து நின்றுகொண்டார்.

பூபாலன் கயிற்றைக் கட்டினான். தன் தோளுக்கு இழுத்துக் கட்டினான்.

புன்னை மரத்தைத் தாண்டும்போது குரு திரும்பாமல் கூப்பிட்டார்.

"பூபாலா."

"சாமி."

"குடம் ரொம்ப லேசா இருக்குப்பா. எனக்கும் தவம் கூடிடுச்சு போலிருக்கு."

பூபாலன் தன் மூச்சு இரைப்பது முன்னால் கேட்டுவிடாமல் நடந்தான்.