எங்கே போறீங்க, அண்ணாச்சி?

ஒரு காட்டில் ஊர் சுற்றுவதென்றால் உயிரை விடும் முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. அதன் பெயர் கொம்பையா. காட்டில் மற்றவர்கள் எல்லாம் பிறந்த புதரிலேயே கிடந்து, இந்தப் புதரைப் போல் உண்டா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். கொம்பையாவுக்கு அது ஒத்துவராது. வருஷத்துக்கு ஒரு பயணம் போயே ஆகவேண்டும். ஒரு வருஷம் அருவி பார்த்துவிட்டு வந்தது. இன்னொரு வருஷம் கடல் வரைக்கும் போய், தண்ணீரை நக்கிப் பார்த்து, "இவ்வளவு உப்பை யார் கொட்டினது?" என்று அலையிடம் சண்டை போட்டுவிட்டு வந்தது.

பயணம் என்றால் சும்மாவா? வழியில் சாப்பாடு வேண்டும். அதனால் கொம்பையா தனக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கைத் தின்னாமல் எடுத்து வைக்கும். இலந்தைப் பழத்தை இடித்து வடை தட்டும். வள்ளிக்கிழங்கைச் சீவி வெயிலில் காயப்போடும். இரண்டையும் தேக்கிலையில் வைத்து மடித்து, சீந்தில் கொடியால் இரட்டை முடிச்சுப் போட்டு, வளைக்குள் அடுக்கிவைக்கும். பல நாள் அதற்குப் பாதி வயிறுதான். ஆனால் அடுக்கி வைத்த பொட்டலங்களைப் பார்த்துவிட்டால் பசி தெரியாது.

இந்த வருஷம் பத்துப் பொட்டலம் சேர்ந்திருந்த நேரத்தில், காக்கை ஒன்று சேதி கொண்டுவந்தது.

"கொம்பையா, உன் தங்கச்சி பேச்சி சொல்லியனுப்பினா. அவ மக மாடத்திக்குக் காது குத்தப் போறாளாம். வர்ற பௌர்ணமி அன்னைக்குக் காலையில. இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. தாய்மாமன் நீ வரணுமாம்."

கொம்பையாவுக்கு உடம்பிலிருந்த முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. தங்கையைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. மருமகளை இன்னும் பார்த்ததே இல்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்தவேண்டும்? மாமன் வராவிட்டால் பிள்ளையை யார் மடியில் வைப்பது? நாலு பேர் என்ன பேசுவார்கள்?

"கட்டாயம் வர்றேன்னு சொல்லு. என் முதுகிலிருந்து ஒரு நல்ல முள்ளா எடுத்து, அதாலதான் குத்தணும். கம்மலுக்குக் குன்றிமணி ரெண்டு எடுத்து வச்சிருக்கேன்" என்றது கொம்பையா.

பேச்சியின் மலைக்கு மூன்று நாள் நடை. காட்டைத் தாண்டினால் பெரிய பொட்டல். அங்கே புல்கூட முளைக்காது. பொட்டலைத் தாண்டக் குறைந்தது ஆறு பொட்டலம் வேண்டும். கொம்பையாவிடம் பத்து இருந்தது. பிறகென்ன கவலை?

மறுநாள் விடியற்காலையில் பத்துப் பொட்டலத்தையும் முள்ளில் மாட்டிக்கொண்டு கொம்பையா கிளம்பியது. நாலு அடி வைத்திருக்காது. எதிரே ஒரு நரி வந்தது.

"எங்கே போறீங்க, அண்ணாச்சி?" என்றது நரி.

கொம்பையா அப்படியே நின்றுவிட்டது.

குழந்தைகளே, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்கே போகிறீர்கள்?' என்று கேட்கக் கூடாது என்பார்கள். கேட்டால் போகிற காரியம் தடைப்படுமாம். யாராவது கேட்டுவிட்டால், திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும். முள்ளம்பன்றிக் குலத்தில் இது இன்னும் கடுமை. அன்றைக்கு முழுக்கக் கிளம்பவே கூடாது. கேட்டவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து, வாய்க்கு இனிப்பாக ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டும்.

கொம்பையா நரியைக் கூட்டிக்கொண்டு வளைக்குத் திரும்பியது. ஒரு பொட்டலத்தைப் பிரித்து முன்னால் வைத்தது. நரி மூக்கை நுழைத்து மொத்தத்தையும் தின்றது.

"அடடா, இலந்தை வடை. வீட்டுல ஒருத்தி இருக்கா, அண்ணாச்சி. அவளை விட்டுட்டு நான் மட்டும் தின்னா நல்லாவா இருக்கு?"

கொம்பையா இன்னொரு பொட்டலத்தை எடுத்து நீட்டியது. நரி அதைக் கவ்விக்கொண்டு நடையைக் கட்டியது.

அன்று நரி தற்செயலாகத்தான் கேட்டது. ஆனால் ஒரு கேள்விக்கு இரண்டு பொட்டலம் கிடைக்கும் என்று தெரிந்தபிறகு சும்மா இருக்குமா? இரண்டாம் நாள் விடியும்போது வளைக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"எங்கே போறீங்க, அண்ணாச்சி?"

இரண்டு பொட்டலம் போயிற்று.

மூன்றாம் நாள் கொம்பையா ஓடைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனது. ஓடைக்கரைப் பாறைக்குப் பின்னாலிருந்து நரியின் தலை எட்டிப் பார்த்தது. "எங்கே போறீங்க, அண்ணாச்சி?" நாலாம் நாள் மூங்கில் புதருக்குள் புகுந்து போனது. அங்கேயும் அதே குரல், அதே கேள்வி. கேட்கும்போது நரி முகத்தை எவ்வளவு அக்கறையாக வைத்துக்கொண்டது தெரியுமா? பார்க்கிறவர்கள் கூடப் பிறந்த தம்பி என்றுதான் நினைப்பார்கள்.

நாலாம் நாள் சாயங்காலம் வளைக்குள் இரண்டே இரண்டு பொட்டலம் மிச்சம் இருந்தது. பௌர்ணமிக்கு நாலு நாள். கொம்பையா தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வருஷம் பூராவும் வாயைக் கட்டிச் சேர்த்தது, நரியின் வயிற்றுக்கா போகவேண்டும்? அதற்கு அழுகையே வந்துவிட்டது.

காக்கை கிளையில் வந்து உட்கார்ந்தது. "அவன் கேட்டா கேட்டுட்டுப் போறான். நீ பாட்டுக்குக் காதுல வாங்காம நடையேன்."

"முடியாதுப்பா. என் மனசு கேட்காது. காரியம் தடைப்படுமோன்னு வழி பூரா அதே நினைப்பா இருக்கும். பச்சைப்பிள்ளை காதுல முள்ளை வைக்கும்போது கை நடுங்கினா என்ன ஆகும்?"

"அப்போ அவனை முள்ளால நாலு குத்துக் குத்து."

"நல்ல காரியத்துக்குப் போறப்ப யாரையாவது குத்திட்டுப் போகலாமா?" என்றது கொம்பையா. பிறகு தலையைத் தூக்கிக் கேட்டது. "ஆமா, அந்த நரிக்கு வீடு எங்கே?"

"காட்டோட கடைசியில. பொட்டலை ஒட்டி ஒரு மொட்டைப் பாறைக் கரடு இருக்கே, அதுக்கு அடியில."

கொம்பையாவின் கண் பளிச்சென்று ஆனது. "காக்கா, நாளைக்கு விடியறப்ப மானு, மயிலு எல்லாரையும் என் வளைப் பக்கம் வரச் சொல்லு. சும்மா நின்னு பார்த்தாப் போதும்."

ஐந்தாம் நாள் விடிந்தது. மிச்சமிருந்த இரண்டு பொட்டலத்தையும் மாட்டிக்கொண்டு கொம்பையா கிளம்பியது. இந்த முறை சுற்றுவழி இல்லை, புதர் இல்லை. நேர்ப் பாதையில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. மானும் மயிலும் ஓரமாக நின்று பார்த்தன.

நரி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு எதிரே வந்தது.

"எங்கே போறீங்க, அண்ணாச்சி?"

"உங்க வீட்டுக்குத்தான், தம்பி."

நரியின் வாய் திறந்தபடி நின்றது.

"எங்க... எங்க வீட்டுக்கா?"

"ஆமா. நாலு நாளா நீங்க எங்க வீட்டுல வந்து சாப்பிட்டுட்டுப் போறீங்க. நான் உங்க வீட்டு வாசலைக்கூட மிதிக்கலை. இது முறையா? அதான் இன்னைக்கு வந்துட்டுப் போகலாம்னு கிளம்பிட்டேன்."

"அது வந்து... காரியமாக் கிளம்பறப்ப 'எங்கே'ன்னு கேட்டுட்டேனே, அண்ணாச்சி. இன்னைக்கு நீங்க கிளம்பக் கூடாதே."

"வேற எங்கேயாவது போனாத்தான் தடை. உங்க வீட்டுக்கு வர்றப்ப நீங்களே எதிர்ல வந்து கேட்டா, அது அழைப்புத்தானே?"

மயில் தோகையை ஆட்டிக்கொண்டு, "அதுதானே" என்றது. மான், "வீட்டுக்கு வர்றேன்னு சொல்றவங்களை வாங்கன்னு சொல்லணும், நரியண்ணே" என்று எடுத்துக்கொடுத்தது.

இத்தனை பேர் பார்க்கும்போது என்ன செய்வது?

"வா... வாங்க, அண்ணாச்சி" என்றது நரி.

இரண்டும் காட்டு வழியே நடந்தன. நரி பாதி வழியில் காலை நொண்டியது. "மெதுவா வாங்க தம்பி, நான் காத்திருக்கேன்" என்றது கொம்பையா. கொஞ்ச தூரம் போனதும், "அண்ணாச்சி, வீட்டுல அவ இருக்காளோ என்னவோ" என்று நரி இழுத்தது. "இல்லாட்டி என்ன, வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன்" என்றது கொம்பையா. நரி வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தது.

வெயில் ஏறும் நேரத்தில் கரட்டடிக்கு வந்து சேர்ந்தார்கள். நரியின் மனைவி குகை வாசலில் நின்றுகொண்டிருந்தது. விருந்தாளியைக் கண்டதும் அதற்கு முகமெல்லாம் பூரிப்பு.

"வாங்கண்ணே, வாங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவுக ஒருத்தரைக்கூட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததில்லை. இன்னைக்குத்தான் நல்ல புத்தி வந்திருக்கு."

உட்காரவைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, பனங்கிழங்கு வைத்து உபசரித்தது. கொம்பையா வயிறு நிறையச் சாப்பிட்டது. நரியின் மனைவி அதன் முதுகில் தொங்கிய பொட்டலங்களைப் பார்த்துவிட்டு, 'எங்கே' என்ற சொல்லே வராமல், மரியாதை தெரிந்தவர்கள் கேட்கிற மாதிரி கேட்டது.

"தூரமாண்ணே?"

"கொஞ்சம் தூரம்தான், தங்கச்சி. பொட்டலுக்கு அந்தப் பக்கம். என் தங்கச்சி மகளுக்குக் காது குத்து."

"அடடா, தாய்மாமனா நீங்க? பொட்டலைத் தாண்டவா இந்த ரெண்டு பொட்டலம்? காணாதேண்ணே. இருங்க, வர்றேன்."

உள்ளே போன நரியின் மனைவி, நாலு பொட்டலத்தோடு வெளியே வந்தது. தேக்கிலைப் பொட்டலம். சீந்தில் கொடி. இரட்டை முடிச்சு.

"இவுக நாலு நாளாத் தினம் ஒண்ணாக் கொண்டுவந்து தர்றாக. இலந்தைப் புளிப்பு எனக்கு ஒத்துக்காது. அப்படியே வச்சிருக்கேன். பிள்ளை காரியத்துக்குப் போற நீங்க கொண்டுபோங்க."

கொம்பையா தன் முடிச்சைப் பார்த்தது. பிறகு நரியைப் பார்த்தது. நரி கரட்டின் உச்சியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லாக் கட்டியிருக்கு, தங்கச்சி. கட்டினவங்க நல்லா இருக்கணும்" என்றது கொம்பையா.

நரியின் மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தது. "என்ன, மரம் மாதிரி நிக்கிறீங்க? அண்ணனைப் பொட்டல் வரைக்கும் கொண்டுவிட்டுட்டு வாங்க. பொட்டலத்தைத் தூக்கிக்கிடுங்க."

நரி நாலு பொட்டலத்தையும் வாயில் கவ்விக்கொண்டது. வாய் நிறையப் பொட்டலம் இருந்ததால் வழியில் யாரையும் ஒரு கேள்வியும் கேட்க முடியவில்லை.

பொட்டலின் விளிம்பு வந்ததும் கொம்பையா பொட்டலங்களை வாங்கி முள்ளில் மாட்டிக்கொண்டது. ஆனால் காலை எடுத்து வைக்கவில்லை. நரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"என்ன, அண்ணாச்சி?"

"வீட்டுக்கு வந்தவங்க கிளம்பறப்ப ஒண்ணு சொல்லுவாங்களே, தம்பி."

நரி மண்ணைப் பார்த்தது. ஆகாயத்தைப் பார்த்தது. பிறகு மெல்லிய குரலில், "போயிட்டு வாங்க, அண்ணாச்சி" என்றது.

"போயிட்டு வர்றேன், தம்பி" என்றது கொம்பையா. மனசில் ஒரு பொட்டுப் பயம் இல்லை. தடை சொன்ன வாயே வாழ்த்திவிட்டதே. வெயிலில் பாறை நிழலில் ஒதுங்கியும், பசித்தபோது பொட்டலம் பிரித்தும், பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே பொட்டலைக் கடந்தது.

பௌர்ணமி நாள் காலை. மலையடியில் உறவெல்லாம் கூடியிருந்தது. "மாமன் வரலையா?" என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சி பொட்டலையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி பெரிதானது. புள்ளியின் மேல் முள் முளைத்தது.

"என் அண்ணன் வந்துட்டான்" என்று பேச்சி ஓடியது.

கொம்பையா கால் கழுவிக்கொண்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. முதுகெல்லாம் முள்ளாக இருந்தால் என்ன? மடி பஞ்சாகத்தான் இருந்தது. மாடத்தி அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. மாமனே தன் முதுகு முள்ளை எடுத்துக் காது குத்தியது. கொம்பையாவின் கை நடுங்கவில்லை. குட்டிக் காதில் குன்றிமணிக் கம்மல் சிவப்பாக மின்னியது. பேச்சிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

எல்லாரும் கடைசிப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொரு துண்டு இலந்தை வடை தின்றார்கள்.

அடுத்த வருஷமும் கொம்பையா பொட்டலம் சேர்த்தது. ஒருநாள் விடியற்காலையில் கிளம்பியது. பாதையில் எதிரே அதே நரி. கொம்பையாவைக் கண்டதும் அதன் வாய் தானாகத் திறந்தது. உடனே மூடிக்கொண்டது. இரண்டு அடி பின்னால் நகர்ந்து வழிவிட்டது.

"தூரமா, அண்ணாச்சி?" என்று மரியாதையாகக் கேட்டது.

நீதி: வழியை மறித்துக் கேட்பவனிடம் கோபம் வேண்டாம், அவனே வழியனுப்பி வைக்கும்படி ஒரு பதில் சொன்னால் போதும்.