இடது பக்க விளக்கு

"பதினோரு மாசமா தியானத்துல உட்கார்ந்து பார்க்கிறேன் அம்மா. மனசு அடங்க மாட்டேங்குது," என்றார் குழந்தைவேலு.

எதிரே தையல்நாயகி கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

குழந்தைவேலுவுக்கு அறுபத்திரண்டு வயது. நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலத்தில் வீடு. தையல்நாயகி அவரைவிடப் பதினேழு வயது இளையவர். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் வேலையை விட்டார், பேச்சையும் குறைத்துக்கொண்டார். தோட்டத்துக்கு மேலே ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கத் தொடங்கினார். ஆட்கள் தாமாகத் தேடி வந்தார்கள். குழந்தைவேலுவும் வாரம் தவறாமல் மலையேறி வந்தார்.

மனது ஏன் அடங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

போன மார்கழியில், விடிந்தும் விடியாத நேரத்தில், பனிமூட்டத்துக்குள் அவருடைய கார் ஒருவர் மேல் மோதியது. பால்கேனைத் தூக்கிக்கொண்டு எதிரே நடந்து வந்தவர். வெள்ளையன் என்று பெயர். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. குழந்தைவேலுதான் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. வெள்ளையன்கூடச் சொல்லவில்லை.

இப்போது வெள்ளையன் கோல் ஊன்றி நடக்கிறார். பால் ஊற்றப் போவதில்லை. குழந்தைவேலு அவரைப் போய்ப் பார்த்ததும் இல்லை.

அன்றைக்கும் அவர் அதையே விவரித்தார். இறக்கமான பாதை. வண்டி மெதுவாக, சத்தமே இல்லாமல்தான் உருண்டது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தன் பக்கம் ஒரு பிசகும் இல்லை.

"அந்த ஆள் ஒதுங்கியிருக்கலாம் அம்மா. நேரா வந்தார். ஒதுங்கவே இல்லை."

தையல்நாயகி எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே நின்ற குழந்தைவேலுவின் அதே காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து, வலது பக்க விளக்கின் கண்ணாடியை விரலால் தொட்டார்.

"இதைக் கழட்டுங்க."

வாரா வாரம் துடைப்பதாகச் சொன்னார் குழந்தைவேலு. வேண்டுமானால் கீழே மெக்கானிக்கிடம் விட்டுச் செய்துகொள்வதாகவும் சொன்னார்.

தையல்நாயகி உள்ளே போய் ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் கொண்டுவந்து வைத்தார்.

வேறு வழியில்லை. குழந்தைவேலு பானெட்டைத் தூக்கினார். பேட்டரி வயரைக் கழற்றினார். விளக்கின் பின்னால் இருந்த பிளக்கை உருவினார். மூன்று போல்ட்டுகள். கடைசி போல்ட் துருப்பிடித்து, வியர்க்க வைத்துத்தான் வந்தது.

விளக்கு கைக்கு வந்தது. பல்பை எடுத்துத் தனியே வைத்தார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி பின்புறத்தோடு பசையால் ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு ஹேர் டிரையரைக் கொண்டுவந்து, விளிம்பு நெடுகச் சூடு காட்டச் சொன்னார் தையல்நாயகி. பசை இளக இளக, ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினார் குழந்தைவேலு. அரைமணி நேரம் ஆயிற்று.

மூடி பிரிந்தது.

உள்புறம் முழுக்க ஒரு படலம், அடுப்படிச் சுவரில் படிவது போல. மழைநீர் வந்து வற்றிய கோடுகள். மூலையில் செத்துக் காய்ந்த பூச்சிகள்.

குழந்தைவேலு விரலால் அதை வழித்துப் பார்த்தார். பத்து வருடமாகத் துடைத்ததெல்லாம் வெளியேதான்.

மூடியின் உள்புறத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவினார். வெளிப்புறத்து மஞ்சளைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டுத் துடைத்தார். அந்த வேகத்தில், பல்பைச் சுற்றி இருந்த, வெளிச்சத்தை முன்னால் தள்ளும் வெள்ளிப் பூச்சுக் கிண்ணத்தையும் துடைக்கத் துணியை எடுத்தார்.

தையல்நாயகி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அதை விடுங்க. தேய்ச்சா பூச்சு போயிடும்."

வெயிலில் காயவைத்தார்கள். விளிம்பில் புதுப் பசை வைத்துப் பொருத்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டினார் குழந்தைவேலு. தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது மூடி இருப்பதே தெரியவில்லை. பல நாளுக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. பசை இறுக ஒரு நாள் ஆகும் என்பதால் விளக்கை வீட்டுக்குள் மேஜை மேல் வைத்தார். அதே அழுக்கோடு இருந்த இடது பக்க விளக்கை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேட்டரி வயரை மட்டும் திரும்ப மாட்டிவிட்டு, காரை அங்கேயே விட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். மலை முழுக்க மூட்டம். கைநீட்டினால் விரல் நுனி மங்கியது.

தையல்நாயகி காருக்கு அருகே நின்றிருந்தார். சாவியைக் கேட்டார். குழந்தைவேலு கொடுத்தார்.

"அந்த வளைவு வரைக்கும் நடந்து போய்த் திரும்பி நில்லுங்க. நான் லைட்டைப் போடுறேன். தெரிஞ்சதும் வந்துடுங்க."

வலது பக்கம் வெறும் ஓட்டைதானே இருக்கிறது என்றார் குழந்தைவேலு.

"இடது பக்கம் இருக்கு இல்ல."

அவர் நடந்தார். முப்பது, நாற்பது அடி. வளைவு வந்ததும் திரும்பி நின்றார். வீடு இல்லை, கார் இல்லை, பாதையும் இல்லை. ஸ்வெட்டருக்குள் ஈரம் இறங்கியது. மரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் தவிர வேறு சத்தம் இல்லை.

வெளிச்சம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வரவில்லை.

சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லையோ என்று நினைத்தார். ஜீப் ஓட்டியவருக்கா தெரியாது? இன்னும் கொஞ்சம் நின்றார். கால் மரத்தது.

"லைட்டைப் போடுங்க அம்மா," என்று குரல் கொடுத்தார்.

மூட்டத்துக்குள்ளிருந்து, எதிர்பார்த்ததைவிடப் பக்கத்தில், பதில் வந்தது.

"போட்டு ரொம்ப நேரமாச்சு."