பொரிக் கிண்ணம்

அந்த மலை மடத்துல ஒரு வழக்கம். கீழ ஊருக்குப் போய் நாலு பேருக்குப் பேசணும்னு ஆசைப்படுற சீடன், மொதல்ல ஒரு புள்ளை கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லணும். புள்ளை கையில ஒரு கிண்ணம் பொரி. பேச்சு முடியுறதுக்குள்ள பொரி காலியாச்சுன்னா, சீடன் திரும்ப அடுப்படிக்கு. அவன் செருப்பு குரு அறையிலயே கெடக்கும்.

சடையனுக்கு ஒம்பது வருஷமா அடுப்படி. மூணு தடவ தோத்தாச்சு. போன தடவ வந்த பையன் ரெண்டாவது கிண்ணம் கேட்டான்.

இன்னிக்கு வந்தவ அல்லி. ஏழு வயசு. முட்டியில சிராய்ப்பு.

"என்னம்மா ஆச்சு?"

"ஓட்டப்பந்தயம். நாப்பது பேரு ஓடுனோம். நான் நாப்பதாவது."

குரு ஓரமா உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தாரு. "கேளும்மா, என்ன வேணா கேளு."

"மொதல் உயிரு எப்படி வந்துச்சு?"

சடையன் தொண்டையக் கனைச்சான். "நானூத்தம்பது கோடி வருஷத்துக்கு முன்னால, இந்தப் பூமியானது..."

மொறுக்.

"அனல் கக்கும் உருண்டையா..."

மொறுக், மொறுக்.

"அப்புறம் மழை. கடல். கடல்ல என்னென்னமோ கரைஞ்சு கெடந்துச்சு. அதெல்லாம் ஒண்ணு சேந்து உயிராச்சு."

"எப்படி சேந்துச்சு?"

சடையன் கிண்ணத்தப் பாத்தான். பாதி போயிருச்சு. அடுப்படி கண்ணுல தெரிஞ்சுது.

"தெரியாதும்மா. இன்னும் யாருக்குமே முழுசாத் தெரியாது. தேடிக்கிட்டிருக்காங்க."

பொரியோட மேல போன கை பாதியில நின்னுச்சு.

"பெரியவங்களுக்கே தெரியாதா?"

"கண்ணாடி போட்டவங்களுக்கும் தெரியாது."

"சரி, அப்புறம்?"

"கண்ணுக்கே தெரியாத குட்டி உயிரு. ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. அந்த வழியில மீனு வந்துச்சு, தரையில ஊருறது வந்துச்சு, மரம் ஏறுறது வந்துச்சு. அப்புறம் உங்க கொள்ளுத்தாத்தா, உங்கம்மா, நீ."

"நடுவுல எங்கயும் அறுந்து போகலையா?"

"ஒரு எடத்துல அறுந்திருந்தாலும் நீ இங்க உக்காந்து பொரி திங்க முடியுமா? பனி உறைஞ்சுது, வானத்துலேருந்து கல்லு விழுந்துச்சு. உன் ஆளுங்க ஒருத்தர்கூட பாதியில நிக்கல. அடுத்த ஆள் கையில குடுத்துட்டுதான் போனாங்க."

அல்லி தன் முட்டியப் பாத்தா.

"அப்ப அந்த ஓட்டத்துல நான் வந்து சேந்துட்டேன்."

"சேந்துட்ட."

கிண்ணத்து விளிம்புல ஒரு எறும்பு. "இது?"

"அதுவும்தான். உனக்கு தூரத்துச் சொந்தம்."

கையில இருந்த பொரியத் திரும்பக் கிண்ணத்துல போட்டு, எறும்புப் பக்கமாத் தள்ளி வச்சா. "சாப்புடு," ன்னா. அப்புறம் ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு மலையில இறங்கி ஓடுனா. நொண்டிக்கிட்டேதான். ஆனா ஜெயிச்சவ ஓட்டம். "நான் வந்துட்டேன்" ங்குற சத்தம் அடிவாரம் வரைக்கும் கேட்டுக்கிட்டே போச்சு.

குரு எந்திரிச்சு உள்ள போனாரு. செருப்ப எடுத்துட்டு வந்து, ஒம்பது வருஷத் தூசியத் தட்டி, சடையன் காலடியில போட்டாரு.

சடையன் காலை நுழைக்கல. "சாமி, கேட்ட கேள்விக்கே தெரியாதுன்னுட்டேனே."

"அங்கதான்டா அவ கை நின்னுச்சு."