கடைசி ரெய்டும் பழைய படமும்

கேபிள் டிவி ராசமாணிக்கம் போட்டதுதான் ஊருக்குப் படம். அவருடைய சேனலை ஓட்டுகிறவள் செவ்வந்தி. அன்றைக்கு மகளிர் கபடி லீக்கின் இறுதி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

“பொம்பளைங்க கபடியை எவன் பாக்குறான்? நூறு பேர் பாக்குறாங்கன்னு அஞ்சு நிமிஷத்துல காட்டு. இல்லேன்னா இனிமே பழைய படம்தான்” என்றார் முதலாளி.

“காட்டிட்டாப் போச்சு” என்ற செவ்வந்தி, இரண்டு அணியும் சமமாக நிற்க, கடைசி ரெய்டுக்கு ஒருத்தி கோட்டைத் தாண்டும் நேரம் பார்த்துப் பழைய படத்தைத் தட்டிவிட்டாள்.

ஆபீஸிலிருந்த போனெல்லாம் அலறின. முதல் போனை எடுத்த முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். பேசியது அவர் மனைவி.

“ஏங்க, அறிவிருக்கா? கடைசி ரெய்டுங்க! தெருவே நம்ம வீட்டுலதான் உக்காந்திருக்கு!”

“இன்னும் தொண்ணூத்தொம்பது போன் எடுக்கணும் முதலாளி” என்றாள் செவ்வந்தி.

“முதல்ல கபடியைப் போடு தாயீ!”